முன்னோரின் திருமணப் பதிவைத் தேடுவது எப்படி? தமிழ்க் குடும்பங்களுக்கான வழிகாட்டி

குடும்ப வரலாறு எழுதத் தொடங்கும் பலர் முதலில் செய்வது, சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்த் தாத்தா பாட்டியின் திருமணச் சான்று கேட்பது. "அப்படி எதுவும் இல்லை" என்று பதில் வரும். அதோடு தேடலே நின்றுவிடும். அந்தப் பதில் பெரும்பாலும் உண்மைதான். தமிழ்நாட்டில் எல்லா மதத்தாரும் திருமணத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டம் 2009 நவம்பர் 24 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடந்த இந்துத் திருமணங்களில் பெரும்பாலானவை எந்த அரசுப் புத்தகத்திலும் ஏறவில்லை.

ஆனால் அரசுப் பதிவு இல்லை என்பதற்காக எழுத்துச் சான்றே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மாதா கோயில் புத்தகம், ஜமாஅத்தின் தஃப்தர் என்ற பதிவேடு, மொய் நோட்டு, பாகப்பிரிவினைப் பத்திரம், யாழ்ப்பாணத்துச் சீதன உறுதி (சீதனப் பத்திரம்) என்று கல்யாணம் வேறு வேறு இடங்களில் தடம் விட்டிருக்கும். எந்த ஆண்டு, எந்த ஊர், எந்த முறைப்படி நடந்த கல்யாணம் என்ற மூன்றும் தெரிந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று புரியும். ஆகவே அலுவலகத்துக்குப் போகும் முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

முதலில் வீட்டுக்குள்

உங்கள் பெற்றோரில் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். நடுவில் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்தால் வேறொருவருடைய முன்னோரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு தம்பதிக்கும் தனித் தாள் போடுங்கள். மாப்பிள்ளை, பெண் இருவரின் முழுப்பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், தகப்பனார் பெயர், தாயார் பெயர், இருவரின் சொந்த ஊர், கல்யாணம் நடந்த ஊர், மூத்த பிள்ளை பிறந்த ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். தெரியாததைக் காலியாக விடுங்கள். ஊகத்தை எழுதுவதானால் பென்சிலால் எழுதுங்கள்.

வயதானவர்களிடம் "எந்த வருஷம் கல்யாணம்?" என்று கேட்டால் பதில் வருவது அரிது. "புயலுக்கு முன்னாலா பின்னாலா?", "அப்போது சுதந்திரம் வந்துவிட்டதா?", "உங்கள் அண்ணன் மகன் பிறந்துவிட்டானா?" என்று கேட்டால் வரும். சாரதா சட்டத்துக்குப் பயந்து அவசரமாக முடித்த கல்யாணம் என்று யாராவது சொன்னால் அது பொன்னான குறிப்பு. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வயது வரம்பு வைத்த அந்தச் சட்டம் 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய சில மாதங்களில் பல வீடுகளில் சின்னஞ்சிறு பெண்களுக்குத் தாலி ஏறியது. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பால்ய விவாகம் நடந்த குடும்பங்களில் கல்யாணத்துக்கும் சாந்தி முகூர்த்தத்துக்கும் இடையே பல ஆண்டுகள் ஓடியிருக்கும். முதல் பிள்ளை பிறந்த ஆண்டிலிருந்து ஒன்றைக் கழித்துக் கல்யாண ஆண்டைக் கணிப்பது அங்கே சரிவராது.

அடுத்து டிரங்குப் பெட்டி, பீரோ, பரண். தேட வேண்டியவற்றில் முதலிடம் முகூர்த்தப் பத்திரிகைக்கு. பழைய பத்திரிகையில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் ஒரு தகவல். "சிரேஷ்ட குமாரன்" என்றால் மூத்த மகன், "துவிதீய" என்றால் இரண்டாவது, "திருதீய" என்றால் மூன்றாவது, "கனிஷ்ட" என்றால் கடைசி. "பௌத்திரன்" என்றால் மகன் வயிற்றுப் பேரன், "தௌஹித்திரன்" என்றால் மகள் வயிற்றுப் பேரன். ஆகவே ஒரே பத்திரிகையில் மூன்று தலைமுறை கிடைத்துவிடும். அழைப்பவர் யார் என்பதையும் பாருங்கள். தகப்பனார் இருக்க வேண்டிய இடத்தில் அண்ணனோ தாய்மாமனோ அழைத்திருந்தால், தகப்பனார் அதற்கு முன்பே காலமாகியிருக்கலாம். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் தனித்தனியாகப் பத்திரிகை அடித்திருப்பார்கள். ஒன்று உங்களிடம் இருந்தால் மற்றது சம்பந்தி வழி உறவில் யாரிடமாவது இருக்கக்கூடும்.

மொய் நோட்டைப் பலர் பழைய கணக்கு என்று எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். செய்த மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதாலேயே அது பல வீடுகளில் தலைமுறை தாண்டிப் பத்திரமாக இருக்கிறது. பெரும்பாலும் முதல் பக்கத்தில் மணமக்கள் பெயரும் தேதியும் இருக்கும். உள்ளே ஒவ்வொரு வரியிலும் ஊர், பெயர், தொகை. தொடக்கத்தில் வரும் தாய்மாமன் வரிசையைக் கவனியுங்கள். பெண்ணின் தாய்மாமன் ஊர் தெரிந்தால், பெண்ணின் தாயார் பிறந்த ஊர் தெரிந்துவிட்டது. பெண்வழி முன்னோரைத் தேடும்போது இதைவிட நேரான குறிப்பு அரிது.

ஜாதகம், லக்னப் பத்திரிகை, கல்யாணப் புகைப்படத்தின் பின்புறம் உள்ள ஸ்டுடியோ முத்திரை, கோயிலில் கல்யாணம் நடந்திருந்தால் அதன் ரசீது, அரசு வேலை பார்த்தவர் என்றால் பணிப்பதிவேட்டு நகல், குடும்ப ஓய்வூதியத் தாள் ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள்.

தேதியை மாற்றும்போது

பழைய தாள்களில் தேதி பெரும்பாலும் தமிழ் வருடம், மாதம், நாள் என்றிருக்கும். தமிழ் வருடப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். "ரக்தாக்ஷி வருஷம் தை மாதம் 12ந் தேதி" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரக்தாக்ஷி 1864-65, 1924-25, 1984-85 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். மணமக்களின் காலத்தை வைத்து 1924-25 என்று முடிவு செய்கிறீர்கள். பலர் இங்கே தடுமாறி 1924 ஜனவரி என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில் பிறப்பதால் தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில்தான் விழும். அதாவது 1925 ஜனவரி 24 அல்லது 25. பத்திரிகையில் கிழமை இருந்தால் சனியா ஞாயிறா என்று பார்த்து நாளை உறுதிசெய்துவிடலாம்.

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சிப் பக்கம் இருந்தது. அங்குள்ள பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டு வரும். அதோடு 824ஐக் கூட்டுங்கள். ஆகஸ்ட் நடுவில் பிறக்கும் ஆண்டு என்பதால் அடுத்த ஜனவரிக்கு மேல் என்றால் கூடுதலாக 1. எனவே கொல்லம் 1100 என்பது 1924-25ஐச் சுட்டும். நில ஆவணங்களில் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டு வரும். அதோடு 590ஐக் கூட்டினால் அந்த பசலி தொடங்கும் ஜூலை மாதத்தின் ஆங்கில ஆண்டு கிடைக்கும். முஸ்லிம் குடும்ப ஆவணங்களில் ஹிஜ்ரி. அது சந்திர ஆண்டு என்பதால் வெறுமனே கூட்டிக் கழிக்க முடியாது, மாற்றும் அட்டவணை வேண்டும்.

மாற்றி முடித்ததும் ஒரு சோதனை. இந்துக் கல்யாணம் ஆடியிலோ மார்கழியிலோ விழுந்தால் கணக்கைத் திரும்பப் பாருங்கள். கிறிஸ்தவக் கல்யாணம் ஈஸ்டருக்கு முந்திய தபசுக் காலத்தில் விழுந்தாலும் அப்படியே.

எந்தச் சட்டத்தின் கீழ்?

இந்து தம்பதி என்றால் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்துக்குப் பிறகுதான் சார்பதிவாளரிடம் பதிவு இருக்க வாய்ப்பு. அதுவும் கட்டாயமில்லை, விரும்பியவர்கள் பதிந்தார்கள். வெளிநாடு போனவர்கள், அரசுப் பணியில் இருந்தவர்கள், வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்தவர்கள் ஆகியோருக்கே அந்தத் தேவை அதிகம். கல்யாணம் நடந்து பல ஆண்டு கழித்துப் பதிந்திருக்கவும் கூடும். எனவே கல்யாண ஆண்டில் இல்லை என்றால், பாஸ்போர்ட் எடுத்த ஆண்டு, வேலையில் சேர்ந்த ஆண்டு ஆகியவற்றை ஒட்டியும் தேடச் சொல்லுங்கள். சுயமரியாதைத் திருமணங்களுக்கு 1967ஆம் ஆண்டின் சென்னை மாநிலத் திருத்தம் மூலம் 7ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அது முன்பு நடந்தவற்றுக்கும் செல்லுபடி தந்தது.

சாதி, மதம் கடந்த திருமணம் என்றால் சிறப்புத் திருமணச் சட்டம். இதில் இரண்டு உண்டு. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மணந்தவர்கள் தாங்கள் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவம் உள்ளிட்ட மதங்களைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. 1923இல் வந்த திருத்தம் இந்துக்களுக்கு இதைத் தளர்த்தியது. 1954இல் புதிய சட்டம் வந்தது. 1923க்கு முந்திய பதிவில் உங்கள் கொள்ளுத்தாத்தா "மதமில்லை" என்று கையெழுத்திட்டிருந்தால், அதை அவருடைய கொள்கை என்று உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம். சட்டம் கேட்ட வாசகமாகவும் இருக்கலாம். இந்த வகைத் திருமணத்துக்கு முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்பதால், சான்று கிடைக்காவிட்டாலும் அறிவிப்புப் புத்தகத்தில் பெயர் இருக்கக்கூடும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கும்போது இருவரின் பெயர், தகப்பனார் பெயர், உத்தேச ஆண்டு, திருமணம் நடந்த இடம் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். தேதி தெரியாவிட்டால் ஐந்தாண்டு இடைவெளி கொடுத்துத் தேடுதல் மனு போடுங்கள். அலுவலக எல்லைகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. இன்று ஊர் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதைவிட, அந்த ஆண்டில் எதில் இருந்தது என்பதே முக்கியம். மாவட்டமும் அப்படித்தான். விருதுநகர்ப் பக்கத்து ஊர் 1910 முதல் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டமாக இருந்திருக்கும். அதற்கு முன் மதுரையோ திருநெல்வேலியோ.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு

தமிழர்களில் திருமணப் பதிவு மிகப் பின்னோக்கிக் கிடைப்பது இவர்களுக்குத்தான். கத்தோலிக்கத் திருச்சபை 16ஆம் நூற்றாண்டிலிருந்தே பங்குகளில் (ஒரு பங்குக்குருவின் பொறுப்பில் உள்ள கோயில் வட்டாரங்களில்) திருமணப் புத்தகம் வைக்கச் சொல்லிவருகிறது. கரையான், ஈரம், இடமாற்றம் எல்லாவற்றையும் தாண்டி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது பங்குக்குப் பங்கு வேறுபடும்.

முதலில் பங்கு எந்த ஆண்டு உருவானது என்று கேளுங்கள். 1920இல் தனிப்பங்கான ஊரில் 1900ஆம் ஆண்டுக் கல்யாணத்தைத் தேடிப் பயனில்லை. அது தாய்ப்பங்கின் புத்தகத்தில் இருக்கும். அப்போது அந்த ஊர் ஒரு கிளைக் கிராமம்தான். பெண் ஊர், மாப்பிள்ளை ஊர் இரண்டிலும் கேளுங்கள். ஓலை, அதாவது கல்யாண முன்னறிவிப்பு, இரண்டு பங்குகளிலும் வாசித்திருப்பார்கள் என்பதால், கல்யாணம் நடக்காத பங்கிலும் ஓலைப் புத்தகம் இருந்தால் குறிப்பு கிடைக்கும்.

கல்யாணம் எங்கே நடந்தது என்றே தெரியவில்லையா? ஞானஸ்நானப் புத்தகத்தைப் பாருங்கள். 1908 ஈஸ்டர் முதல், ஒருவருக்குத் திருமணம் ஆனால் அந்தத் தகவலை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தெரிவித்து, அவருடைய பதிவின் ஓரத்தில் எழுத வேண்டும் என்பது விதி. அந்த ஓரக் குறிப்பில் துணையின் பெயர், தேதி, பங்கு இருக்கும். எல்லாக் குருக்களும் தவறாமல் எழுதவில்லை. எழுதியிருந்தாலோ தேடல் ஒரே நாளில் முடிந்துவிடும்.

பழைய புத்தகங்கள் லத்தீனில் இருக்கும், சில இடங்களில் போர்ச்சுகீசியத்திலோ பிரெஞ்சிலோ இருக்கும். உங்கள் தாத்தா ராயப்பன் என்றால் புத்தகத்தில் பேத்ருஸ் என்று இருப்பார். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேஃபுஸ், யாகப்பன் யாக்கோபுஸ், இன்னாசி இக்னாசியுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ், சவேரி க்ஸாவேரியுஸ். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளாமல் புத்தகத்தைப் புரட்டினால் கண்முன்னே இருக்கும் பெயரைக் கடந்து போவீர்கள். பெண்கள் பலர் மரியா என்றே எழுதப்பட்டிருப்பார்கள். அவர்களைத் தகப்பனார் பெயரை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

புத்தகத்தின் கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். உறவுக்குள் கல்யாணம் என்றால் திருச்சபையின் விலக்கு வாங்க வேண்டும். அத்தை மகள், மாமன் மகள் என்றால் "இரண்டாம் படி இரத்த உறவு". அக்காள் மகள் என்றால் "இரண்டாம் படி, முதலாம் படியைத் தொட்டது" என்ற பொருளில் லத்தீனில் குறித்திருப்பார்கள். முறைப்பெண் திருமணம் சாதாரணமாக நடந்த நம் குடும்பங்களில் இந்த ஒரு வரி, இரு வீட்டுக்கும் பொதுவான தாத்தா பாட்டி உண்டு என்று சொல்லிவிடும். விலக்கு மனுக்கள் ஆயர் இல்லத்தில் சேமிக்கப்பட்டிருந்தால், உறவை விளக்கும் கொடிவழி வரைபடமே அதில் இருக்கலாம்.

சீர்திருத்தச் சபைகளின் திருமணங்கள் 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அச்சடித்த படிவத்தில் பதியப்பட்டன. மணநாள், பெயர், வயது, நிலை, தொழில், குடியிருந்த ஊர், தகப்பனார் பெயர், கையொப்பம், சாட்சிகள் என்று கட்டங்கள் இருக்கும். தாயார் பெயருக்குக் கட்டம் கிடையாது. "நிலை" என்ற இடத்தில் மனைவியை இழந்தவர் என்றிருந்தால், உங்களுக்குத் தெரியாத முதல் மனைவி ஒருவர் இருந்திருக்கிறார். அந்தக் கல்யாணத்தையும் தேடுங்கள். சாட்சிகள் பெரும்பாலும் அண்ணன் தம்பி, மைத்துனர்கள்.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது பல மிஷன்களின் சபைகள் ஒன்றாயின. இன்றைய சபையின் பெயரைவிட, அது முன்பு எந்த மிஷனைச் சேர்ந்தது என்று தெரிந்தால் பழைய புத்தகம் எங்கே போனது என்று கேட்க முடியும். சபை ஆலயத்தில் இல்லை என்றால் மறைமாவட்ட அலுவலகம். அங்கும் இல்லை என்றால் இன்னொரு வழி உண்டு. கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் கீழ் நடந்த திருமணங்களின் நகல்கள் அரசுக்கு அனுப்பப்பட்டன. தமிழ்நாட்டில் அவற்றைப் பதிவுத்துறைத் தலைவர் அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். இயேசு சபைக் குருக்கள் பணிசெய்த மதுரை மிஷன் பகுதி என்றால் கொடைக்கானல் அருகே செண்பகனூரில் அவர்களுடைய ஆவணக் காப்பகம் இருக்கிறது.

ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் என்றாலோ, ஆங்கிலேயப் பாதிரியார் நடத்திவைத்த திருமணம் என்றாலோ லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தைப் பார்க்க வேண்டும். அங்கே சென்னை மாகாணத்துத் திருச்சபைப் பதிவுகளின் நகல்கள் 1698 முதல் 1948 வரை "என்/2" என்ற வரிசையில் இருக்கின்றன. அவற்றை ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். ஃபேமிலிசெர்ச் தளத்தில் இந்தியத் திருமணங்களின் பெயர் அட்டவணை இலவசம். அட்டவணையை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். நம் பெயர்களை அறியாதவர்கள் படித்துத் தட்டச்சு செய்தது, எழுத்துக்கள் தாறுமாறாக இருக்கும். தஞ்சாவூரை டாஞ்சூர், திருநெல்வேலியை டின்னவேலி, திருச்சியை டிரிச்சினாப்பளி என்று அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடுங்கள்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு

நிக்காஹ் நடந்த மஹல்லா ஜமாஅத்தின் தஃப்தரே முதல் ஆதாரம். மணமக்கள், தகப்பனார், பெண்ணுக்கு வலியாக (பொறுப்பாளராக) நின்றவர், மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மஹர் தொகை, சாட்சிகள் இருவர் என்று அதில் இருக்கும். வலி தகப்பனாராக இல்லாமல் அண்ணனோ பெரிய தகப்பனாரோ என்றால் காரணம் கேளுங்கள். நிக்காஹ் பெரும்பாலும் பெண் வீட்டுப் பக்கம் நடப்பதால் பெண்ணின் ஜமாஅத்தை முதலில் அணுகுவது நல்லது. ஜமாஅத்தில் பழைய தஃப்தர் இல்லை என்றால், அந்தப் பகுதிக்கு 1880ஆம் ஆண்டுச் சட்டப்படி நியமிக்கப்பட்ட அரசு காஜி இருந்தாரா, அவருடைய புத்தகங்கள் அடுத்த காஜியிடம் வந்தனவா என்று விசாரியுங்கள்.

நகரத்தார் குடும்பங்களுக்கு

இவர்களுக்கு மட்டும் தனிப் பாதை உண்டு. கல்யாணத்தின்போது இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் இசைகுடிமானம் ஒரு முழுமையான திருமண ஆவணம். பழையது ஓலையில் இருக்கும். ஒன்பது நகரக் கோயில்களில் எதைச் சேர்ந்தவர்கள் என்பதும், ஒவ்வொரு தம்பதியையும் ஒரு புள்ளியாக எண்ணும் வழக்கமும் சேர்ந்து, கோயில் கணக்கிலும் ஊர்ப் புள்ளிக் கணக்கிலும் கல்யாணத்தின் தடத்தைத் தருகின்றன. பிள்ளையார்பட்டியா இளையாத்தங்குடியா என்று முதலில் தெரிந்துகொண்டு போங்கள்.

பத்திரங்களில் தேடுதல்

மேலே சொன்ன எதுவும் இல்லாத இந்துக் குடும்பங்களுக்கு நில ஆவணமே பெரிய துணை. கல்யாண நாளை அது எப்போதும் சொல்லாது. ஆனால் இன்னாருக்கு இன்னார் மனைவி என்பதை அரசு முத்திரையோடு சொல்லும். பழைய பத்திரங்களில் "இன்னார் பாரியாள்", "இன்னார் சம்சாரம்", "இன்னார் குமாரத்தி" என்று வரும். 1910இல் குமாரத்தியாகவும் 1914இல் பாரியாளாகவும் ஒரே பெண் வந்தால், கல்யாணம் அந்த நான்காண்டுக்குள் நடந்திருக்கிறது.

எந்தப் பத்திரங்களைத் தேடுவது? மஞ்சள்காணியாகப் பெண்ணுக்குக் கொடுத்த நிலத்தின் தானசெட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, பெண்மக்கள் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம், உயில் ஆகியவற்றைத் தேடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர்வாரி அட்டவணை ஒன்றும் சொத்துவாரி அட்டவணை ஒன்றும் உண்டு. சர்வே எண் தெரிந்தால் சொத்துவாரி அட்டவணை வேகமானது. தெரியாவிட்டால் பெயர்வாரியில் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இரண்டையும் பார்க்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975க்குப் பிறகான காலத்துக்குத்தான். அதற்கு முன் என்றால் நேரில் மனுப் போடுவதே வழி.

இன்னொன்றை அதிகம் பேர் கவனிப்பதில்லை. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு இந்து வாரிசுரிமைத் திருத்தம், அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆகாத பெண்மக்களுக்கு மட்டும் பூர்வீகச் சொத்தில் ஆணுக்குச் சமமான பங்கு தந்தது. அதனால் 1989க்கும், மத்தியச் சட்டம் திருத்தப்பட்ட 2005க்கும் இடையே எழுந்த பாக வழக்குகளில் மகள்களின் கல்யாணத் தேதி வழக்கின் மையமாகவே ஆனது. மனுவிலும் தீர்ப்பிலும் தேதி இருக்கும், பத்திரிகையும் புகைப்படமும் சான்றாவணமாகச் சேர்ந்திருக்கும். உங்கள் குடும்பத்தில் அந்தக் காலத்தில் பாகவழக்கு நடந்திருந்தால், கசப்பைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு வக்கீல் கட்டைக் கேட்டு வாங்குங்கள்.

புதுச்சேரி, காரைக்கால்

பிரெஞ்சு ஆட்சியில் 1880க்குப் பிறகு இந்தியர்களுக்கும் குடிமைப் பதிவு வந்தது. அதனால் இங்கே இந்துத் திருமணங்களும் அரசுப் புத்தகத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். பத்தாண்டுக்கு ஒருமுறை தொகுத்த பெயர் அட்டவணையில் முதலில் தேடி, எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு மூலப் பதிவுக்குப் போங்கள். நகராட்சியில் பதிவேடுகள் உள்ளன. பிரான்சின் ஆக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான ஆவணக் காப்பகம் பழையவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அதற்கு முந்திய பதிவில் அந்தக் குடும்பப் பெயரைத் தேடினால் கிடைக்காது.

இலங்கை

விவாகப் பதிவு அங்கே 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் அடிப்படை. நகலுக்குப் பிரதேச செயலகத்திலோ பதிவாளர் நாயகம் திணைக்களத்திலோ விண்ணப்பிக்கலாம். வழக்கப்படி நடந்த திருமணம் பதிவில்லாமலும் செல்லும் என்பதால் விடுபட்டவை ஏராளம். போரில் அழிந்தவையும் உண்டு.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்குச் சீதன உறுதியே உயிர்நாடி. தாயின் சீதனக் காணி மகளுக்குச் சீதனமாகப் போகும். உறுதியில் அந்தக் காணி கொடுப்பவருக்கு எப்படி வந்தது என்று எழுதும்போது, முந்தைய உறுதியின் இலக்கம், திகதி, உறுதியை எழுதிய நொத்தாரிசின் பெயர் மூன்றும் வரும். அந்த இலக்கத்தைப் பிடித்துக் காணிப் பதிவகத்தில் முந்தைய உறுதியை எடுங்கள், அதிலிருந்து அதற்கு முந்தையதை. தாய், பாட்டி, பூட்டி என்று பெண்வழியில் மேலே போய்விடலாம். சில காணிகள் ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு என்ற காணிப் பதிவேடு வரை கொண்டுபோகும்.

மலையகத் தமிழர் என்றால் 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டப்படி கொடுத்த விண்ணப்பங்களும், 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியா திரும்பியவர்களின் குடும்ப அட்டைகளும் கணவன், மனைவி, பிள்ளைகளை ஒரே தாளில் காட்டும்.

கடல் கடந்தவர்கள்

நேட்டாலுக்கு 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியலில் தகப்பனார் பெயர், வயது, சாதி, கிராமம், தாலுகா, மாவட்டம் இருக்கும். அங்கே 1891ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியக் குடியேறிகள் பாதுகாவலரிடம் திருமணங்கள் பதியப்பட்டன. 1913 மார்ச்சில் வந்த நீதிபதி சேர்லின் தீர்ப்பு, பலதார மணத்தை அனுமதிக்கும் மதமுறைப்படி நடந்த திருமணங்கள் செல்லாது என்றது. சத்தியாகிரகத்துக்குப் பின் 1914இல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. அதன்படி பலர் பழைய கல்யாணத்தைப் புதிதாகப் பதிந்தார்கள். ஆகவே 1890இல் நடந்த கல்யாணத்தை 1914க்குப் பிந்தைய புத்தகங்களிலும் தேட வேண்டும்.

பிஜிக்குச் சென்னையிலிருந்து 1903 முதல் 1916 வரை கப்பல் போனது. அந்தக் குடியேற்றச் சீட்டில் திருமணமானவரா, யாருடன் என்ற கட்டம் உண்டு. மொரீசியஸ் என்றால் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறிகள் பதிவேடுகள் இருக்கின்றன. சிங்கப்பூரில் 1961 செப்டம்பர் 15க்கு முன்னும், மலேசியாவில் 1982 மார்ச் 1க்கு முன்னும் நடந்த இந்துத் திருமணங்களுக்கு அரசுப் பதிவு இல்லாமல் இருப்பது சாதாரணம். அங்கே கோயில் சான்றையும் தோட்டத்து ஆவணங்களையும் தேடுங்கள்.

கிடைத்தது நம்முடையதுதானா?

பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். "முத்துசாமி மகன் ராமசாமி" என்ற பதிவு உங்கள் கொள்ளுத்தாத்தாவுடையதாகவும் இருக்கலாம், அவருடைய பாட்டனாருடையதாகவும் இருக்கலாம். பெயரும் தகப்பனார் பெயரும் பொருந்தினால் போதாது. ஊர், பெண்ணின் தகப்பனார், சாட்சி ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். தலைப்பெழுத்தும் ஏமாற்றும். கல்யாணத்துக்கு முன் தகப்பனார் எழுத்து, பின் கணவர் எழுத்து என்று ஒரே பெண் இருவராகத் தெரிவார்.

சென்னை மாகாணத்தில் இந்து ஆண்களின் இருதார மணம் 1949இல்தான் சட்டப்படி தடுக்கப்பட்டது. அதற்கு முன் மூத்த தாரம், இளைய தாரம் என்று இருவர் இருந்திருக்கலாம், மனைவி இறந்தபின் கொழுந்தியாளைக் கட்டியிருக்கலாம். கிடைத்த கல்யாணம் உங்கள் பாட்டியுடையதா, அவருடைய அக்காவுடையதா என்பதைப் பிள்ளைகள் பிறந்த ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

புத்தகத்தைப் படம் எடுக்க அனுமதி கிடைத்தால் உங்கள் பதிவை மட்டும் எடுக்காதீர்கள். முழுப் பக்கம், புத்தகத்தின் அட்டை, பக்க எண், முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் எடுங்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே பந்தலில் கல்யாணம் நடந்திருந்தால் அடுத்த வரியிலேயே இன்னொரு உறவு இருக்கும். கிடைக்காத தேடலையும் எழுதி வையுங்கள். எந்தப் புத்தகம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்தப் பெயர்களில் தேடினீர்கள், எந்தப் பக்கங்கள் கிழிந்திருந்தன என்று தேதி போட்டுக் குறித்து வைத்தால், அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.